செங்கல்லுக்கு ஏற்ற நிறம்

மலையடிவார மடத்தில் தியான மண்டபத்துக்குச் செங்கல் சுவர் எழும்பிவிட்டது. அதைப் பூசாமல் அப்படியே விடச் சொல்லிவிட்டார் குரு. மேலே கூரைக்குக் கலர் ஷீட், முகப்புத் தூண்களுக்கு எலிவேஷன் டைல்ஸ், இவ்வளவுதான் பாக்கி. நிறம் பார்க்கும் பொறுப்பு பரிமளத்துக்கு வந்தது.

பரிமளம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. குருவைவிட வயதில் மூத்த சீடர். சேலை மடிப்பு கலையாமல் தியானத்தில் உட்காரத் தெரிந்தவள்.

சாம்பிள் அட்டைகளைச் சுவரில் வைத்து வைத்து எடுத்தாள். சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில் செங்கல் அழுக்காகத் தெரிந்தது. பச்சை வைத்தால் ரேஷன் கடை மாதிரி இருந்தது. காப்பி நிறம் வைத்தால் சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்றே புரியவில்லை. நிறத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு கட்டடம் கட்டிப் பார்க்கட்டும்.

செங்கல்லாவது ஒரே மாதிரி வெந்திருக்கிறதா? ஒன்று ஆரஞ்சு, ஒன்று கருஞ்சிவப்பு, ஒன்று ஓரம் கருகியது.

"இது எந்தச் சூளைக் கல்லு? ஒண்ணொண்ணும் ஒரு கலரா இருக்கே!" என்றாள் கோயம்புத்தூரிலிருந்து அன்று காலை வந்திருந்த நன்கொடையாளரின் மனைவி.

எந்தச் சூளை என்று பரிமளத்துக்குத் தெரியாதா? அவள் அண்ணன் நஞ்சப்பனின் சூளை. அப்பா போன பிறகு அவளைக் கான்வென்ட் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தது அந்தச் சூளைதான். மண்டபம் என்றதும் அத்தனை செங்கல்லையும் அவர் தானமாகக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு லோடுக்கும் லாரியில் கூடவே வந்து, வாசலில் நின்று "பாப்பா!" என்று ஒரு சத்தம் போடுவார். மடத்துப் பசுகூடத் திரும்பிப் பார்க்கும். பேரன் எடுத்தவள் பாப்பா!

அந்த நேரம் பார்த்து, சுற்றுச்சுவருக்கான கடைசி லோடு வந்து நின்றது. புருவம் வரை செம்மண், தலையில் துண்டு, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி. நஞ்சப்பன் இறங்கி வாயைத் திறப்பதற்குள் பரிமளம் முந்திக்கொண்டாள்.

"இவர் செங்கல் கொண்டு வந்தவர்" என்றாள் விருந்தாளியிடம்.

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

நஞ்சப்பன் வாயை மூடிக்கொண்டார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார். "எங்க இறக்கட்டுங்க மேடம்?" என்றார்.

பரிமளம் மண்டபத்துக்குப் பின்பக்கம் கையைக் காட்டினாள். அட்டைகளை வாரிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே வாசலைப் பார்த்த ஜன்னலடியில் குரு ராத்திரிக்கு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"குருவே, எந்த நிறம்னு நீங்களே சொல்லிடுங்க."

"எது எதுக்குப் பொருந்தணும்?"

"சுவருக்குத்தான் மத்ததெல்லாம் பொருந்தணும். அதுதானே முதல்லயே இருக்கு?"

"சுவரை மாத்த முடியாதா?"

"செங்கல்லை எப்படி மாத்தறது? வெந்த அன்னிக்கே அதோட நிறம் முடிவாயிடுச்சு. நாமதான் அனுசரிச்சு எடுக்கணும்." கரும்பலகை முன்னால் நின்று பழகிய குரல்.

"மாறவே மாறாதா?"

"மாறாது குருவே."

குரு ஒரு சொத்தை மொச்சையைத் தூரப் போட்டார்.

"சரி, பந்தி போட்டாச்சு. செங்கல் கொண்டு வந்தவரைச் சாப்பிடக் கூப்பிடுங்க."

பரிமளம் வாசலுக்குப் போனாள். விருந்தாளிகள் இலை முன் உட்கார்ந்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து நஞ்சப்பனைக் கூப்பிட அவளுக்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது. பந்திப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க... லாரிக்காரரே, சாப்பிட வாங்க."

நஞ்சப்பன் கைகால் கழுவிக்கொண்டு பந்தியின் கடைசியில் உட்கார்ந்தார். பரிமளம்தான் பரிமாறினாள். சோறு இரண்டாம் கரண்டிக்கே அவர் இலைக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"போதுங்க மேடம்."

நன்கொடையாளரின் மனைவி இவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"அட, ரெண்டு பேருக்கும் அச்சு அசலா ஒரே மூக்கு! என்ன, சொந்தமா?"

கரண்டி அந்தரத்தில் நின்றது. பரிமளம் வாயைத் திறந்தாள். இந்த முறை நஞ்சப்பன் முந்திக்கொண்டார்.

"அவங்க எங்க, நானெங்கங்க!" என்று சிரித்தார். "நான் செங்கல் கொண்டு வந்தவனுங்க."

தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார். அந்த அம்மாள் சமாதானமாகி அப்பளம் கேட்டாள்.

பரிமளம் சோற்று வாளியோடு சமையலறைக்குத் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்க்க அங்கே குருவைத் தவிர யாரும் இல்லை. அவரும் நிமிரவில்லை. மொச்சைத் தோலுக்குப் பக்கத்தில் அட்டைகள் சிதறிக் கிடந்தன.

"செங்கல் மாறாதுன்னு சொன்னீங்களே" என்றார் குரு.