மூன்றாவது பாட்டில்

"டேங்க்கத் தொறந்து இதப் போட்டுரட்டுமா மேடம்?"

தனகோடி நீட்டிய கையில் ஏலக்காய்ப் பொட்டலம் இருந்தது. கால் கிலோ.

பிலோமினா பொட்டலத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார்.

"யாரு டேங்க் அது?"

"என்னோடதுதான்."

உண்மைதான். புதுச்சேரிக்கு வெளியே இருந்த அந்தச் சின்ன பீர் ஆலையின் ஐந்தாவது டேங்க்கில் சாக்பீஸால் 'தனகோடி' என்று எழுதியிருந்தது. எழுதியவர் பிலோமினா. ஜெர்மனியில் ஒன்பது வருஷம் தொழில் கற்று வந்தவர். வயது முப்பத்தெட்டு. அவருடைய சீடர் தனகோடிக்கு ஐம்பத்து நான்கு. மூடிப்போன மில்லில் பாய்லர் ஓட்டியவர், இங்கேயும் பாய்லர் ஓட்டத்தான் வந்தார். ஆறு வருஷத்தில் பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டார். சின்னவரிடம் கற்றுக்கொள்ள அவருக்கு வெட்கமே இல்லை. தோற்றுப்போகத்தான் ரொம்ப வெட்கம்.

இந்த வருஷம் முதல் தடவையாகத் தனியே காய்ச்சினார். ஜெர்மன்காரர்கள் இலையுதிர் காலத்துக்கென்று காய்ச்சுகிற லாகர் என்ற பீர். பங்குனியில் காய்ச்சி, கோடை முழுக்கக் குளிரில் படுக்கப் போட்டு, புரட்டாசியில் திறக்க வேண்டும். இங்கே இலையும் உதிராது, புரட்டாசியில் பாதி ஊர் விரதம். எவன் குடிப்பான் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசினார்கள். தனகோடி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறு மாதமும் டேங்க்கின் குளிர் ஒரு டிகிரி அசைய விடவில்லை.

பெங்களூரில் நடந்த ஒரு போட்டிக்கு அது போனது. பிலோமினாவின் மாம்பழ மிளகு பீரும் கூடப் போனது. மாம்பழத்துக்குத் தங்கப் பதக்கம் வந்தது. லாகருக்கு ஒரு தாள் வந்தது.

"என்ன எழுதியிருக்காங்க? படிங்க."

படிக்கத் தாள் தேவைப்படவில்லை. தனகோடிக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

"குறை எதுவும் இல்லை. குறிப்பிட்டுச் சொல்லவும் எதுவும் இல்லை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பத்தோட பதினொண்ணு, அத்தோட இது ஒண்ணுன்னு தள்ளிட்டான். உங்க மாம்பழத்துக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கான். மணமாம், காரமாம், துணிச்சலாம். என்னுதுல சொல்றதுக்குன்னு ஒண்ணு வேணும்ல? அதான் ஏலக்கா."

பிலோமினா ஐந்தாவது டேங்க்கிலிருந்து ஒரு மக் பிடித்தார். புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடத்தின் நிறம். நுரை விரற்கடை உயரத்துக்கு நின்றது.

"குடிங்க."

பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுக் குடித்தார்.

"என்ன வாசம்?"

"ரொட்டியோட செவந்த ஓரம்."

"தித்திப்பு?"

"வந்துச்சு. நிக்கல."

"கசப்பு?"

"கடைசில வந்து தொடச்சிட்டுப் போயிடுச்சு."

"அப்புறம்?"

தனகோடி யோசித்தார்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல. இன்னொரு வாய் குடிக்கலாம்னு இருந்துச்சு."

"அத அவங்க எழுதலையா?"

"எங்க எழுதினாங்க!" மக்கை டொக்கென்று வைத்தார். "நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியும் மேடம். என் கையில ஆனது எனக்குத் தெரியாதா? ஊருக்குத் தெரிய வேணாமா?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அதை மறைக்க இருமினார்.

பிலோமினா வாசல் பக்கம் கையைக் காட்டினார். பெங்களூரிலிருந்து காலையில் திரும்பி வந்து, அவரே வாங்கி வைத்த அட்டைப்பெட்டி கட்டுப் பிரிக்காமல் கிடந்தது.

"அதப் பிரிங்கண்ணே."

போட்டிக்கு ஒவ்வொரு பீரிலும் மூன்று பாட்டில் கேட்பார்கள். நடுவர்கள் ஒன்றைத் திறந்து, ஆளுக்கு இரண்டு மடக்கு குடித்து, மார்க் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். மற்ற இரண்டும் கைகாவலுக்கு. போட்டி முடிந்ததும் திறந்தது, திறக்காதது எல்லாம் திரும்பி வரும். தனகோடிக்கு இது தெரியும். கட்டி அனுப்பியதே அவர்தான்.

மாம்பழ பாட்டில்களை முதலில் எடுத்தார். ஒன்று காலி. இரண்டு மூடி திறக்காதவை.

பிறகு தன்னுடையது. காலி.

இரண்டாவது. அதுவும் காலி.

மூன்றாவது கனக்கும் என்று நினைத்துத் தூக்கினார். கை வெடுக்கென்று மேலே போய்விட்டது.

"வழியில ஒழுகியிருக்கும்."

"பெட்டி நனைஞ்சிருக்கா?"

அடி அட்டையைத் தடவிப் பார்த்தார். மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

"மேடம்..."

பிலோமினா சுவர் ஆணியில் காலையில்தான் மாட்டிய தங்கப் பதக்கத்தைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டார். ஆணிக்குக் கீழே இருந்த பலகையைக் கையால் துடைத்தார். தனகோடியிடமிருந்து மூன்று காலி பாட்டில்களையும் வாங்கி, கழுவாமல், அப்படியே வரிசையாக நிறுத்தினார்.

தங்கம் வந்த செய்தி கேட்டபோதுகூட அந்த முகத்தில் இவ்வளவு பெருமையைத் தனகோடி பார்க்கவில்லை.

அவர் நிமிர்ந்து நின்றார். மில் மூடிய பிறகு அப்படி நின்றதே இல்லை. பிறகுதான் மேஜையில் பொட்டலம் இருப்பது ஞாபகம் வந்தது.

"அப்ப இந்த ஏலக்கா?"

"பாயசம் வைங்கண்ணே."