செம்பி விளக்குக் கோபுரம் ஏறினாள்

அந்தக் காலத்தில் நண்டுகளும் எல்லாரையும் போல நேராகத்தான் நடந்தன. கண்களும் முகத்தோடு ஒட்டி அடக்கமாக இருந்தன. வாய் மட்டும் அடங்காது. அதிலும் செம்பி என்கிற நண்டு பேச ஆரம்பித்தால் அலைகூடக் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுத்தான் திரும்பும்.

செம்பியின் புருஷன் பெயர் வலியன். பெயரில் இருந்த வலிமை அவன் தூக்கத்தில் மட்டும்தான் தெரியும். நண்டுகளுக்கு அப்போது வளை கிடையாது. கிடைத்த நிழலில் படுப்பார்கள். வலியனுக்குக் கட்டுமரத்தில் உதிரியாகச் சுருட்டி வைத்திருக்கும் பழைய வலைதான் பிடிக்கும். "மெத்தை மாதிரி இருக்கு புள்ள" என்பான். ஒருநாள் விடியலில் மீனவர்கள் அந்தக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்கள். வலியன் அதற்கும் விழிக்கவில்லை.

செம்பிக்குப் பாதி உயிர் போய்விட்டது. பொழுது சாய்ந்தால் கட்டுமரங்கள் திரும்பும். ஆனால் காற்று தள்ளுகிற இடத்தில்தான் ஒவ்வொன்றும் கரையேறும். ஏறியதும் வலைகளை உதறுவார்கள். நண்டு விழுந்தால் நேரே குழம்புச் சட்டிதான். அதற்கு முன்னால் பக்கத்தில் போய் அவனை எழுப்பிவிட வேண்டும். மஞ்சள் துணி ஒட்டுப் போட்ட பாய் விரித்த அந்தக் கட்டுமரம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்க்க, ஊரிலேயே உயரமான இடம் விளக்குக் கோபுரம். மூன்று பிள்ளைகளையும் கிளப்பிக்கொண்டு போனாள்.

வாசலில் ஆமை காவல் இருந்தது.

"மேல ஏறினா கடல் பூரா தெரியுமா அண்ணாச்சி?"

"பிரமாதமாத் தெரியும்னு சொல்லுதாவ. நான் மூணாவது படி வரைக்கும் போயிருக்கேன். பிள்ளைகளப் பிடிச்சுக்கம்மா, வழுக்கும்."

ஒருவர் கொடுக்கை ஒருவர் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஏறினார்கள். முதல் வளைவிலேயே "இன்னும் எவ்வளவு தூரம்?" என்றான் நடுப்பிள்ளை. மூத்தவள் படிக்குப் படி நின்று கூ என்று கத்தி எதிரொலி கேட்டாள். கடைக்குட்டிக்குப் பாதி வழியில் பசி வந்துவிட்டது.

"அப்பாவக் கூட்டிட்டு வந்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்" என்றாள் செம்பி. சொல்லிக்கொண்டே அவனை அடுத்த படிக்குத் தூக்கிவிட்டாள்.

உச்சியில் நல்ல காற்று. ஆனால் சுற்றிலும் கைப்பிடிச் சுவர். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்ததால் ஏறவும் கால் பிடிக்கவில்லை.

"எம்மா, எனக்குத் தெரியல!"

"எனக்கும் தெரியல!"

"என்னயத் தூக்கு!"

செம்பி முதுகில் மூத்தவள், அவள் முதுகில் நடுப்பிள்ளை, அவனுக்கு மேலே கடைக்குட்டி என்று ஏறி நின்றார்கள்.

"என்னல தெரியுது?" என்று கீழிருந்து கேட்டாள் செம்பி.

"தண்ணி!" என்றான் கடைக்குட்டி.

"மஞ்சத் துணி ஒட்டுப் போட்ட பாய் தெரியுதா?"

"நெறையத் தண்ணி!"

இது ஆகிற காரியமில்லை என்று செம்பி பிள்ளைகளை இறக்கிவிட்டாள். சுவரோரம் நுனிக்காலில் நின்று எம்பினாள். போதவில்லை. எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் எம்பினாள். அவள் பட்ட பாட்டில் இரண்டு கண்களும் முகத்தை விட்டுக் கிளம்பி, ஈர்க்குச்சி நட்டதுபோல் நிமிர்ந்து, சுவரைத் தாண்டிவிட்டன. வடக்கே தூரத்தில் மஞ்சள் ஒட்டுப் போட்ட பாய் தெரிந்தது!

"எம்மா, உன் கண்ணு!" என்று அலறினாள் மூத்தவள்.

"அது கெடக்கட்டும். நீங்களும் எம்பிப் பாருங்க. அந்தப் பாய விட்டுறக் கூடாது."

பிள்ளைகளும் எம்பினார்கள். அவர்கள் கண்களும் நிமிர்ந்துகொண்டன.

நாலு பேரும் இறங்கி மணலில் வடக்கே ஓடினார்கள். பாதையைப் பார்த்து ஓடினால் மற்ற பாய்களுக்கு நடுவில் மஞ்சள் ஒட்டு தொலைந்துபோனது. கடலைப் பார்த்து ஓடினால் சிப்பி தடுக்கி விழுந்தார்கள். செம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. உடம்பையே கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, கால்களைப் பக்கவாட்டில் எடுத்து வைத்தாள். முதலில் கால்கள் பின்னிக்கொண்டன. பிறகு பழகின. பிறகு பறந்தன. பிள்ளைகளும் அப்படியே பின்னால் வந்தார்கள்.

அவர்கள் போய்ச் சேரவும் கட்டுமரம் கரையலையில் ஏறவும் சரியாக இருந்தது. மீனவர் ஒருவர் பழைய வலையில் கை வைத்துவிட்டார்.

"என்னங்க, எந்திரிங்க! குதிங்க!"

"எப்பா! எப்பா!"

வலியன் கண் விழித்தான். தலைக்கு மேலே அந்தக் கையைப் பார்த்தான். அடுத்த நொடி தண்ணீரில் தொப்பென்று விழுந்தான். அலை அவனை உருட்டிக்கொண்டு வந்து செம்பியின் காலடியில் போட்டது.

"என்ன புள்ள, கண்ணு இப்பிடி முழிச்சிட்டு நிக்கி?" என்றான் அவன்.

"ஒங்களத் தேடித்தான் இப்பிடி ஆச்சு!" செம்பிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இனிமே தூங்கணும்னா வீட்டுக்குள்ள தூங்குங்க."

அன்று சாயங்காலமே வலியன் மணலில் வளை தோண்டினான். கண்களை என்ன அழுத்தியும் பழைய இடத்துக்குப் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள் செம்பி. இந்த மனுஷனை நம்ப முடியாது, மறுபடி தேட உதவும்.

அன்று முதல்தான் நண்டுகள் கண்ணைத் தூக்கி வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடுகின்றன. எத்தனை வேகமாக ஓடினாலும், கரைக்கு வர வேண்டியவர்கள் வந்துவிட்டார்களா என்று ஒரு கண் கடலையே பார்த்துக்கொண்டிருக்கும்.