பார்த்துப் படிக்கிற மாதிரி இருக்கே

"உங்க பாடம்தான் சார் என் வேலையைக் கெடுத்துச்சு" என்றாள் தமயந்தி.

நவநீதன் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

அவனுக்கு இருபத்தெட்டு வயது, அவளுக்கு நாற்பத்தொன்று. கரூரில் ஒரு செல்போன் கடை மாடியில் அவன் புரோகிராமிங் சொல்லிக் கொடுத்தான். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நூல்மில்லை மூடியதும் அவள் அங்கே வந்து சேர்ந்தாள். அவள் அவனை சார் என்பாள், அவன் அவளை அக்கா என்பான். இதில் இருவருக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

"போன் இன்டர்வியூ என்னாச்சுக்கா?"

"எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன்."

"அப்புறம்?"

"'எதையோ பார்த்துப் படிக்கிற மாதிரி இருக்கே மேடம், இப்படி ஏமாத்தலாமா'ன்னு சொல்லிப் போனை வெச்சுட்டாரு."

சொல்லும்போதே குரல் உடைந்தது. நாற்பதைத் தாண்டியவளை எந்தக் கம்பெனி கூப்பிடுகிறது? அவள் அனுப்பிய விண்ணப்பங்களுக்கெல்லாம் சேர்த்து வந்தது இரண்டே அழைப்பு. ஒன்று திருட்டுப் பட்டத்தோடு போயிற்று. இன்னொன்று இன்று நாலு மணிக்கு.

அவள் பழி சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். எழுதப்போகும் புரோகிராமை முதலில் வாயால் முழுசாகச் சொல்ல வேண்டும். அதுவரை கீபோர்டைத் தொடக்கூடாது. தமயந்தி மாவு அரைக்கும்போது சொன்னாள். பஸ்ஸில் சொன்னாள். கண்டக்டர் பயந்துபோய்ச் சில்லறையை நீட்டிவிட்டு நகர்ந்துகொண்டான். கடைசியில் எல்லாம் தண்ணீர் பட்ட பாடாக வந்தது.

நவநீதன் கீழே இறங்கிப் போனான். ஒரு பெட்டி மைசூர்பாக்கோடு திரும்பி வந்தான்.

வேலை கிடைத்தவர்தான் அங்கே இனிப்பு வாங்குவது வழக்கம். கூடப் படிக்கும் பையன்கள் எழுந்து வந்தார்கள்.

"யாருக்கு சார் வேலை?"

"யாருக்கும் இல்ல. அக்கா சொன்ன பதிலைக் கேட்டு, பார்த்துப் படிக்கிறாங்கன்னு ஒருத்தர் நெனச்சுட்டாரு. எடுத்துக்கங்க."

பெட்டி அவளிடம் வந்தது. அவள் தொடவில்லை.

"கேலி பண்ணாதீங்க சார். எனக்கு வேலை வேணும். வேலை கிடைச்சாத்தான் இதை வாயில வெப்பேன்."

"சரி. நான் என்ன செய்யணும்?"

"தடுமாறச் சொல்லிக் குடுங்க."

பையன்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"அதுக்கென்னக்கா. கேள்வி கேட்டதும் 'ம்...'னு இழுங்க. நடுவுல ஒரு இடத்துல தப்பாச் சொல்லிட்டு, அப்புறம் திருத்துங்க. கொஞ்சம் அசடு வழியச் சிரிங்க. இப்ப நான் கேக்கறேன். பத்து லட்சம் எண் இருக்கு. ஒண்ணு மட்டும் ரெண்டு தடவை வந்திருக்கு. எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

அவள் இழுத்தாள். தப்பாகச் சொன்னாள். திருத்தினாள். சிரித்தாள்.

"பிரமாதம்" என்றான் நவநீதன். "வேலை உங்களுக்குத்தான்."

அவன் மறுபடியும் கீபோர்டைத் துடைக்கப் போய்விட்டான்.

தமயந்தி உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். இந்த இரண்டு வருஷத்தில் அவன் அவளிடம் பிரமாதம் என்று சொன்னதே இல்லை. எவ்வளவு சரியாகச் சொன்னாலும் "அடுத்தது" என்பான், அவ்வளவுதான். முதல் பிரமாதம் இதற்கா வர வேண்டும்?

நாலு மணிக்குப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

ஆங்கிலத்தில் விசாரிப்பு, பிறகு தமிழ், பிறகு கேள்வி. கொஞ்சம் சுற்றி வளைத்த கேள்வி. ஆனால் அவளுக்குத் தெரிந்ததுதான். நாக்கு நுனியில் அந்த 'ம்' தயாராக நின்றது.

அதை விழுங்கினாள். பிறகு மடமடவென்று, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, எங்கும் நிற்காமல் சொல்லி முடித்தாள்.

அந்தப் பக்கத்தில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. எதையாவது பார்த்துப் படிக்கிறீங்களா?"

துடைக்கும் சத்தம் நின்றது. பையன்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

இந்தத் தடவை குரல் உடையவில்லை. தமயந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெருமை நெஞ்சு முட்ட வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

"இல்லைங்க சார். என் முன்னால ஒரு மைசூர்பாக் பெட்டிதான் இருக்கு. சந்தேகம்னா வேற கேளுங்க. எந்தப் புஸ்தகத்துலயும் நெட்லயும் இல்லாததா, நீங்களே ஒண்ணு யோசிச்சுக் கேளுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"ம்..." என்று இழுத்தார் அந்தப் பக்கத்துக்காரர்.

தமயந்தி இடது கையால் பெட்டியைத் திறந்து, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.