மிதவையில் அமர்ந்த நத்தை ராஜா

தூத்துக்குடியில் ஜெசிந்தா டீச்சர் வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி நிறையக் கடல் தண்ணீர் இருந்தது. அதில் ஒரு நத்தை, ஓர் இறால், ஒரு துறவி நண்டு, ஒரு கோமாளி மீன் தம்பதி குடியிருந்தார்கள். கோமாளி மீனின் மனைவி பாறையில் முட்டையிட்டிருந்தாள். இரவு பகலாக அவற்றுக்குத் துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது அப்பன் மீன்தான்.

வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறையும். உப்பு மட்டும் தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரை ஊற்ற வேண்டும். அதற்காக டீச்சர் தொட்டி மூலையில் ஒரு மிதவை மாட்டியிருந்தார். தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கும். உடனே பக்கத்து டிரம்மில் இருக்கும் மோட்டார் ஓடி நல்ல தண்ணீரை ஊற்றும். மட்டம் சரியானதும் மிதவை ஏறும், மோட்டார் நிற்கும்.

ஒருநாள் டீச்சர் தங்கை மகள் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போனார். அன்று காலை கண்ணாடியில் ஏறிய நத்தை, களைத்துப்போய் மிதவையின் மேல் உட்கார்ந்தது. மிதவை அமுங்கியது. மோட்டார் உறுமியது. மேலிருந்து தண்ணீர் கொட்டியது.

நத்தை பயந்து இறங்கியது. தண்ணீர் நின்றது. மறுபடி ஏறியது. மறுபடி கொட்டியது.

"நான் உட்கார்ந்தால் கடல் ஏறுகிறது. அப்படியென்றால் நான்தான் கடலுக்கு ராஜா" என்றது நத்தை.

இறாலுக்கு நீண்ட மீசை உண்டு. அதுவரை அதை வைத்துச் செய்ய ஒரு வேலையும் இருந்ததில்லை. அது மீசையைத் தாழ்த்தி வணங்கி, "அரசே, அடியேன் மந்திரி" என்றது.

நத்தைகள் விட்டுப்போன காலி ஓட்டில் குடியிருக்கும் துறவி நண்டும் வந்து வணங்கியது. அதன் கண் நத்தையின் ஓட்டின் மேலேயே இருந்தது. "ராஜாவுக்கு ஏதாவது ஆனால் அரண்மனை யாருக்கு?" என்று மந்திரியிடம் மெதுவாக விசாரித்தது.

ராஜா எழுந்திருக்கவே இல்லை. தண்ணீரும் நிற்கவில்லை. உப்புக் குறைந்துகொண்டே போனது. கோமாளி மீனுக்கு உடம்பெல்லாம் அரித்தது. பாறையைப் பார்த்தால், ஓரத்து முட்டைகள் வெளுத்திருந்தன.

அது பதறிக்கொண்டு மூலைக்கு நீந்தியது. "நத்தை அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க. தண்ணியில உப்பே இல்ல. எம் பிள்ளைங்க செத்துரும்."

"ராஜாவைப் பார்த்து எழுந்திரு என்பதா?" என்று இறால் சீறியது. "அதுவும் ஒரு கோமாளி சொல்லி!"

"மந்திரி, உங்க காலே நடுங்குது. அது உப்புக் குறைஞ்சதாலதான்."

"இது பக்தியால் வரும் நடுக்கம்" என்றது இறால், பாறையைப் பிடித்துக்கொண்டு.

சற்று நேரத்தில் தொட்டி நிரம்பி வழிந்தது. தரையில் ஓடிய தண்ணீர் சோபாவின் காலைத் தொட்டது. ராஜா கண்ணை நீட்டிப் பார்த்துப் பூரித்தது. "மந்திரி, நம் எல்லை சோபா வரைக்கும் போய்விட்டது."

இன்னொரு பக்கம் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு பிளக் போர்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

கெஞ்சிப் பயனில்லை என்று கோமாளி மீனுக்குப் புரிந்தது. அது இறாலைப் போலவே தலையைத் தாழ்த்தி வணங்கியது. "அரசே, மணலுக்குள்ள இருக்கிற புழுக்கள் உங்க முகத்தப் பாத்ததே இல்லியாம். ராஜான்னா ஒரு ஊர்வலம் வர வேண்டாமா?"

நத்தை யோசித்தது. "நிறையப் பேர் காத்திருக்கிறார்களா?"

"மணல் முழுக்க அவங்கதான்."

"சரி, இறங்குகிறோம்."

நத்தை இறங்குவது என்ன சுலபமா? பாதி உடம்பு இறங்கியதும் நின்றது. இறால் ஒரு வாழ்த்துப்பா பாடியது. அது முடிந்ததும் இன்னொன்று வேண்டும் என்றது நத்தை. கோமாளி மீன் பாறையையும் மிதவையையும் மாறி மாறிப் பார்த்துத் தவித்தது. கடைசியில் மிதவை டப்பென்று மேலெழுந்தது. மோட்டார் அடங்கியது.

உடனே துறவி நண்டு மிதவையில் கால் வைத்தது.

"சாமி, துறவிக்கு எதுக்கு சிம்மாசனம்?" என்றது கோமாளி மீன்.

"எல்லாம் துறந்தவன் எதன் மேலும் உட்காரலாம்."

"உங்க இஷ்டம். ஆனா ஊர்வலத்துல ராஜாவுக்குப் புழுக்கம் தாங்காம ஓட்டைக் கழட்டி வச்சாலும் வைப்பாரு. பக்கத்துல ஆள் இருந்தா நல்லது."

நண்டு காலை எடுத்துவிட்டு ஊர்வலத்தின் பின்னால் ஓடியது.

சாயங்காலம் டீச்சர் திரும்பினார். ஹாலில் வைத்த கால் நனைந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடிவந்தார். தண்ணீரில் உப்பு அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வாளியில் கடல் உப்பைக் கரைத்தார். ஒரேயடியாக ஊற்றினால் உயிர்கள் தாங்காது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். பிளக் போர்டைத் துடைத்துச் சுவரில் உயரமாக மாட்டினார். ஒயரைக் கீழே தொங்கவிட்டு வளைத்துக் கட்டினார்; இனி வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். மிதவையில் எதுவும் ஏறாதபடி சமையலறை டீ வடிகட்டியைக் கவிழ்த்துக் கட்டினார்.

ஊர்வலம் முடித்து வந்த நத்தை வடிகட்டியின் முன்னால் நின்றது. "என் சிம்மாசனத்தை ஏன் அடைத்தார்கள்?"

"அது சிம்மாசனம் இல்ல அண்ணாச்சி. நீங்க உக்காந்து அமுக்கினீங்க. தண்ணி குறைஞ்சிருச்சுன்னு மிஷின் நினைச்சுக்கிச்சு."

"அப்படியென்றால் கடல் என்னால் ஏறவில்லையா?"

"உங்களாலதான் ஏறுச்சு. அதுதான் பிரச்சினையே" என்றது கோமாளி மீன்.

பிறகு அது பாறைக்குப் போனது. பாதி முட்டைகள் வெளுத்துவிட்டன. மனைவி அவற்றை ஒவ்வொன்றாக வாயால் விலக்கிக்கொண்டிருந்தாள். மிச்சம் இருந்தவற்றுக்குள் சின்னச் சின்ன வெள்ளிக் கண்கள் தெரிந்தன. அப்பன் மீன் விசிறத் தொடங்கியது. தொலைவில் நின்று அதைப் பார்த்த நத்தை, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

ஒரு காரியம் தன்னால் நடக்கிறது என்று பெருமைப்படும் முன், அது யாரை வதைக்கிறது என்று இறங்கிப் பார்க்க வேண்டும்.