கிணற்றில் நான்காம் முறை

கொக்குப்பாறை மடத்துக் கிணற்றில் ஒரு கல்லைப் போட்டால், அது அடியைத் தொடுவதற்குள் போட்டவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிடும் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அவ்வளவு ஆழம். தண்ணீரும் லேசுப்பட்டதில்லை, ஒரு வாய் குடித்தால் ஊமைக்கும் பாட்டு வரும் என்பார்கள். பாட்டு வந்த ஊமையை யாரும் பார்த்ததில்லை. ஆனால் விடிகாலையில் மடத்துச் சீடர்கள் இருபது பேர் மேல்படியிலிருந்து அதில் குதித்து நீந்துவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். குதிக்கிற சத்தம் சாலைக்கு அந்தப் பக்கம் காலனி வரைக்கும் கேட்கும்.

அந்த மடத்தில் குருவுக்கு வயது நாற்பத்து நாலு. மூத்த சீடருக்கு அறுபத்து மூன்று. சீடர் பெயர் சபாநாயகம்; கல்வி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மடம் நடத்தும் நர்சிங் பள்ளியின் நிர்வாகம் முழுக்க அவர் கையில். குருவைப் பாறைச்சாமி என்பார்கள். குரு சீடரை ‘ஐயா’ என்பார், சீடர் குருவைச் ‘சாமி’ என்பார். யாருக்கு யார் அடங்கியவர் என்று வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபட அரை நாள் ஆகும்.

இரண்டு நாள் அடைமழை விட்ட ஒரு காலையில், சபாநாயகம் ஒரு ஃபைலோடு வந்து சாமியின் முன்னால் உட்கார்ந்தார்.

“சாமி, ஒரு கேள்வி.”

“கேளுங்க ஐயா.”

“நம்ம பள்ளியில நாற்பது இடம். அதுல எட்டு இடத்தைக் காலனிப் பிள்ளைகளுக்குன்னு உங்களுக்கு முன்னால இருந்த பெரிய சாமி ஒதுக்கி வச்சுட்டுப் போனார். முப்பது வருஷம் ஆச்சு. இன்னும் அது தேவையா?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“தேவையில்லைன்னு நினைக்கிறேன். சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு.”

கஷ்டம் பொய்யில்லை. வேலையில் இருந்த காலத்தில், காலனிப் பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்த ஒரு தலைமை ஆசிரியரை ஒரே நாளில் மாற்றியவர் அவர். சொந்த ஊரில் பாதிப் பேர் ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. மடத்துப் பந்தியில் யார் பக்கத்திலும் யாரும் உட்காரலாம் என்று நடத்திக் காட்டியவரும் அவரே.

ஃபைலில் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று, எட்டு இடத்தை விட்டுவைத்தது. இன்னொன்று, மார்க்கை மட்டும் பார்த்தது. சாமி எதில் கையெழுத்துப் போடுகிறாரோ அது சாயங்காலம் நாலு மணிக்குப் பலகையில் ஒட்டப்படும்.

“நேத்து தையல்கார ரத்தினவேலு சம்சாரம் வந்தா சாமி. மக முப்பத்து மூணாவது ரேங்க். இடமில்லை. ‘நாங்க மட்டும் என்ன மாடியிலயா வாழறோம்? இருக்கிறது ஒத்தை மிஷினு’ன்னு தரையில உட்கார்ந்து அழுதா. நாற்பத்தாறாவது ரேங்க் வாங்கின பிள்ளைக்கு இடம் இருக்கு. அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?”



“அந்தக் கண்ணீருக்கு என்கிட்ட பதில் இல்லை ஐயா. மத்ததைச் சொல்லுங்க.”

“படிப்புல, உத்தியோகத்துல, எல்லாத்துலயும் எத்தனையோ வருஷமாக் குடுத்தாச்சு. இப்ப காலனியில காரு நிக்குது சாமி.”

“எத்தனை?”

“ஒண்ணு.”

“யாரோடது?”

“தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க் ஒருத்தர். அந்தத் தெருக்காரர்தான்.”

“அவர் எப்படி அந்த வேலைக்குப் போனார்?”

சபாநாயகம் வாயைத் திறந்தார். நல்லவேளையாகச் சமையல்காரர் தாண்டவம் ஓடி வந்தார்.

“ஐயா, கிணத்துல நாய் செத்து மிதக்குது. மழைக்கு ஒதுங்கினது விழுந்துடுச்சு போல. கிட்டப் போக முடியல, குடலைப் புரட்டுது.”

“ஒரு நிமிஷம் சாமி,” என்றார் சபாநாயகம். போனை எடுத்தார். கண்ணாடிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. கட்டைவிரல் இரண்டு தள்ளுத் தள்ளி ஓர் இடத்தில் அமுக்கியது.

“கொஞ்சம் வந்துட்டுப் போப்பா. கிணத்துல நாய். ஆமா, இப்பவே.”

போனை மடியில் வைத்தார். மூச்சு மாறாமல் தொடர்ந்தார்.

“எங்க விட்டேன்? ஆங். வெளியே ஆயிரம் இருக்கட்டும் சாமி. நம்ம இடத்துல ஜாதி எங்க இருக்கு? இங்க யார் என்ன ஜாதின்னு எனக்கே தெரியாது.”

“இப்ப யாருக்குப் போன் போட்டீங்க?”

“அதுவா? வழக்கமா வர்ற ஆள்.”

“பேரு?”

சபாநாயகம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தார். திரையில் ‘காலனி’ என்று இருந்தது.

“பேரு… கேட்டதில்லை சாமி.”

சாமி எழுந்தார். “வாங்க. கிணத்தடிக்குப் போவோம்.”

கிணற்றைச் சுற்றி இளஞ்சீடர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். வர வேண்டிய ஆள் மொபெட்டில் வந்தான். ஐம்பது வயது இருக்கும், ஒட்டிய வயிறு. தோளில் கயிற்றுச் சுருள், கையில் சாக்கு. எட்டிப் பார்த்துவிட்டுச் சீடர்கள் பக்கம் திரும்பினான்.

“என்ன தம்பிங்களா, இன்னைக்குக் குதிக்கலையா? மழைத் தண்ணி, ஜில்லுனு இருக்குமே!”

ஒருவன் சிரித்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“இதுக்கு முன்னால இந்தக் கிணத்துல இறங்கியிருக்கீங்களா?” என்று கேட்டார் சாமி.

‘ங்களா’ அந்த ஆளைக் கொஞ்சம் தடுமாற வைத்தது. சட்டையைக் கழற்றி மொபெட்டின் மேல் போட்டான்.

“மூணு தடவை சாமி.”

“எப்பெப்போ?”

“ஒரு தடவை பூனை. ஒரு தடவை கன்னுக்குட்டி. ஒரு தடவை மனுஷன்.” கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டான். “செத்தது கிடந்தாத்தான் இந்தக் கிணறு நம்மளைக் கூப்பிடும். உசுரோட கிடக்கிறப்ப கூப்பிட்டதில்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொன்னான்.

“அந்த மனுஷனைத் தூக்க ஆள் அனுப்பினது நான்தான்,” என்றார் சாமி. செத்தவர், ஐந்து வருஷத்துக்கு முன்னால் படியில் வழுக்கி விழுந்த ஒரு யாத்திரைக்காரர்.

“ஆமா சாமி. நீங்கதான். வேட்டி ஒண்ணு குடுத்தீங்க.”

சாமி மேல்துண்டை எடுத்துச் சுவரில் வைத்துவிட்டுப் படியில் காலை வைத்தார்.

“சாமி!” என்று சபாநாயகம் கத்தினார்.

“வேணாம் சாமி, பாசி,” என்றான் அந்த ஆள். “நீங்க வழுக்கி விழுந்தா மறுபடியும் என்னையேதான் கூப்பிடுவாங்க.”

சாமி நிற்கவில்லை.

கீழே தண்ணீர் கலங்கும் சத்தம் கேட்டது. “அந்தக் காலைப் பிடிங்க சாமி” என்று ஒரு குரல். வெகுநேரம் கழித்து இரண்டு பேரும் சாக்கை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்கள். இரண்டு பேர் மேலும் ஒரே சொட்டல். கூட்டம் விலகியது. சபாநாயகமும் ஓரடி பின்னால் நகர்ந்திருந்தார். நகர்ந்த பிறகுதான் அது அவருக்கே தெரிந்தது.

ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது அவருக்கு.

“மோட்டாரைப் போட்டுத் தண்ணி முழுக்க இறைச்சிடுங்கப்பா.”

துண்டைப் பிழிந்துகொண்டிருந்த அந்த ஆள் தலையைத் தூக்கினான்.

“நாய்க்காகத்தானே ஐயா?”

“பின்ன வேற எதுக்கு?” தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது குரல்.

“சும்மா கேட்டேன் ஐயா.”

சாக்கை வண்டியின் பின்னால் கட்டினான். பிறகு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, போட்டுக்கொள்ளாமல், சபாநாயகத்தின் பக்கம் வந்தான். ஓரடி தள்ளி நின்றுகொண்டான்.

“ஐயா, இன்னைக்கு நர்ஸு லிஸ்ட்டு ஒட்டுறீங்களாமே. நம்ம பொண்ணும் எழுதிப் போட்டிருக்கு. வெண்ணிலான்னு பேரு. பொன்னுரங்கம் மக வெண்ணிலா.”

சபாநாயகத்துக்குப் பட்டியல் மனப்பாடம். நாற்பத்தாறு. அக்குளில் இருந்த ஃபைல் திடீரென்று கனத்தது.

“எங்க தெருவுல லைட்டு போயிட்டா, ரோட்டு விளக்குல உங்க மடத்துச் சுவரோரமா வந்து நின்னு படிக்கும். நின்னுக்கிட்டேதான். உட்கார்ந்தாத் தூங்கிடுவேன்னு சொல்லும்.” பொன்னுரங்கம் சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. “இடம் கிடைச்சுதுன்னா ஒரே ஒரு உபகாரம் ஐயா. நான் இங்க வந்து நாயைத் தூக்கினது அதுக்குத் தெரிய வேணாம். இந்தத் தம்பிங்ககிட்டயும் சொல்லி வச்சிடுங்க. அது இங்க படிக்க வர்றப்ப, அந்தக் கிணத்தைக் காட்டி யாரும் எதுவும் பேசிடக் கூடாது.”



“சாப்பிட்டுப் போங்க பொன்னுரங்கம்,” என்றார் சாமி.

“குளிக்காம சோறு இறங்காது சாமி. வீட்டுல போய்க் குளிச்சுக்கறேன்.”

கிணற்றிலிருந்து அப்போதுதான் ஏறி வந்தவர் அவர்.

மொபெட் சத்தம் சாலையைத் தாண்டி அடங்கும் வரை இருவரும் நின்றார்கள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். சாமி ஈர வேட்டியை மாற்றவில்லை. சபாநாயகம் போனை எடுத்து, ‘காலனி’ என்பதை அழித்துவிட்டுப் ‘பொன்னுரங்கம்’ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். சாமியிடம் காட்டினார்.

“நல்லது ஐயா. பேரை மாத்தியாச்சு. விரல்?”

சபாநாயகம் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“சாமி, என் மனசுல எந்த வித்தியாசமும் கிடையாது. சத்தியமாச் சொல்றேன்.”

“தெரியும்.”

“அந்தப் போனைப் போடறப்ப நான் யோசிக்கக்கூட இல்லை.”

“அதுவும் தெரியும் ஐயா. அஞ்சு வருஷம் முன்னாடி நானும் யோசிக்கலை. இங்க நீந்தத் தெரிஞ்சவங்க இருபது பேர். என்னைச் சேர்த்தா இருபத்தொண்ணு.”

சபாநாயகத்தின் கண் நிறைந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. ஃபைலைத் திறந்து, எட்டு இடம் விட்டுவைத்த பட்டியலை மேலே எடுத்து வைத்தார். சாமி கையெழுத்துப் போட்டார். விரலில் இருந்த ஈரம் தாளின் ஓரத்தில் ஊறியது.

“தையல்காரர் மகளுக்கு என்ன சொல்றது சாமி?”

“என்னையும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேருமாப் போய் நிப்போம். திட்டினா வாங்கிக்குவோம்.”

வெளியே மோட்டார் ஓடத் தொடங்கியது. தண்ணீர் இறைக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. சபாநாயகம் மற்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். கிழிக்கவும் இல்லை, மடிக்கவும் இல்லை.

“இதுக்கு முடிவு எப்பதான் சாமி? இன்னும் எத்தனை வருஷம்?”

சாமி பேனாவை மூடினார்.

“அதைப் பத்திரமா வச்சிருங்க ஐயா. என்னைக்காவது இந்தக் கிணத்துல இன்னொரு நாய் விழும். அன்னைக்கு நீங்க போனை எடுத்து, யாரைக் கூப்பிடறதுன்னு தெரியாம விரல் திகைச்சு நிக்கணும். அப்படி நின்னா, அதை எடுத்துட்டு வாங்க.”