பூசணிப்பூ தின்ன கிணத்தாமை

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. பேரு பவுனு. உன்ன மாதிரியே முன்னாடி ரெண்டு பல்லு விழுந்தவ. காலை நீட்டிக்கோ, கதைய ஆரம்பிச்சுட்டேன். ம் சொல்லணும், சரியா?

"ம்."

அந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே ஒரு குடிதண்ணிக் கிணறு. அதுக்குள்ள ரொம்ப வருசமா ஒரு ஆமை இருந்துச்சு. புழு பூச்சி, அழுகுன எலை, தவளைக்குஞ்சு எது விழுந்தாலும் லபக் லபக்னு தின்னு தண்ணியச் சுத்தமா வச்சிருக்கும். அந்த வருசக் கோடையில அது வயசாகிச் செத்துப்போச்சு. அப்புறம் வாளியில எறச்சா வேப்பிலையும் வருது, நெளியுற புழுவும் வருது. பொம்பளைங்கெல்லாம் ஒரே பொலம்பல். கிணத்தப் பாத்துக்கிறவரு செல்லையா மாமா. "ஒரு ஆமை கெடச்சாத் தேவலையே"ன்னு அவரு போறவங்க வாரவங்ககிட்டெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தாரு.

அப்போ ஒரு செவ்வாக்கிழமை, பவுனு ஆட்டுக்குட்டியத் தேடி கள்ளிக்காட்டுப் பக்கம் போனா. வேலியோரம் சரக் சரக்னு சத்தம். குனிஞ்சு பாத்தா ஒரு ஆமை. கவுத்து வச்ச சட்டி மாதிரி மேடா ஓடு, ஓடு பூரா மஞ்சக் கோலம். வேலியில கட்டியிருந்த பழைய மீன்வலை நூலு அதோட பின்னங்காலச் சுத்தி இறுக்கி, சதையக் கிழிச்சிருந்துச்சு.

"வலிச்சிச்சாம்மா அதுக்கு?"

வலிக்காம இருக்குமா? பவுனு நூலப் பல்லால கடிச்சு அறுத்தா. முன்பல்லுதான் இல்லையே, கடவாப்பல்லால கடிச்சா. ஆமையப் பாவாடையில போட்டு வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தா.

அவ அம்மா சீனியம்மா காயத்தக் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் கொழச்சுப் பூசிவிட்டா. பக்கத்து வீட்டு முத்திருளாயி அத்தை எட்டிப் பாத்தா.

"ஏ சீனி, ஆமைய வீட்டுக்குள்ள விடாதடி. குடும்பத்துக்கு ஆகாது."

"அது வாசப்படி ஏறி வரவே ஒரு வாரம் ஆகும் மதினி. வந்தா அப்பப் பாத்துக்கலாம்."

சேதி செல்லையா மாமா காதுக்கும் போச்சு. ஓடி வந்தாரு. "பவுனு, நீதான் தாயி இந்த ஊரக் காப்பாத்துன. வெள்ளிக்கெழமை பூசை போட்டு இதக் கிணத்துல விட்டுருவோம்"ன்னாரு. பவுனுக்குப் பெருமை தாங்கல. எங்க ஆமைதான் கிணத்தாமையாகப் போகுதுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தா. வெள்ளிக்கெழமைக்குள்ள காலு ஆறணும், நல்லாத் தின்னு தெம்பாகணும். அதுதான் அவ கவலை.

அப்புறம் என்ன பண்ணா? பூசணிக்கொடி பக்கத்துல மாட்டுத்தொட்டியில கொஞ்சம் தண்ணி ஊத்தி, ஒரு கல்லப் போட்டு, ஆமைய அதுல விட்டா. ஆமைக்குத் தண்ணினா உசுருன்னு நெனச்சா. அது என்னடான்னா, கல்லு மேல ஏறி, கர்ர்... கர்ர்...னு விளிம்பப் பிறாண்டி, தொபுக்குனு மண்ணுல விழுந்துச்சு. திருப்பித் தண்ணியில விட்டா. திருப்பியும் கர்ர்... தொபுக்.

"ம்."

ரெண்டாம் நாளு கண்மாய்க் குட்டையில மீன்குஞ்சு பிடிச்சாந்து போட்டா. மண்ணத் தோண்டிப் புழு எடுத்துப் போட்டா. பழைய கிணத்தாமை தின்னதெல்லாம் இதுதானே. இது மூஞ்சியத் திருப்பிக்கிச்சு.

"ரெண்டு நாளா ஒண்ணுமே தின்னலம்மா"ன்னா பவுனு.

"புது எடமில்லையா, பழகும்டி"ன்னா சீனியம்மா. ஆனா அவளுக்கும் உள்ளுக்குள்ள யோசனைதான்.

மூணாம் நாளு வியாழக்கெழமை. பவுனு பள்ளிக்கூடம் போகணும். தப்பிச்சுப் போயிருமேன்னு கல்ல எடுத்துட்டு, தொட்டியில இன்னும் ரெண்டு கொடம் தண்ணி ஊத்திட்டுப் போனா. நல்லா நீந்தட்டும்னு ஆசை ஆசையாத்தான் ஊத்துனா.

சாயங்காலம் வந்து பாத்தா, ஆமை கால ஊணி எக்கி நிக்குது. கழுத்த நீட்டுன மட்டும் நீட்டி, மூக்கு மட்டும் தண்ணிக்கு மேல. கண்ணு மூடியிருக்கு.

"செத்துருச்சாம்மா?"

இல்லடா, கேளு. பவுனு புத்தகப் பைய எறிஞ்சுட்டு அதத் தூக்கி மண்ணுல வச்சா. அழுகை அழுகையா வருது. "என்னப் பிடிக்கலைன்னா போ. காட்டுக்கே போயிரு"ன்னு முதுகக் காட்டி உக்காந்துக்கிட்டா.

அப்புறம், கறுக்... மொறுக்... கறுக்... மொறுக்.

திரும்பிப் பாத்தா, ஆமை பூசணிக்கொடிக்குள்ள தலைய விட்டு ஒரு முழுப் பூசணிப்பூவத் தின்னுட்டிருக்கு. வாயெல்லாம் மஞ்சத்தூளு.

அப்பத்தான் பவுனு பக்கத்துல படுத்து அதோட கால நல்லாப் பாத்தா. பழைய ஆமைக்கு வாத்துக் காலு மாதிரி வெரலுக்கு வெரலு சவ்வு இருக்கும். அதத்தான் கிணத்துல தூரு வாரும்போதெல்லாம் அவ பாத்திருக்காளே. இதுக்கு அது இல்ல. யானைக்கால சின்னதாப் பண்ணி ஒட்டி வச்ச மாதிரி இருந்துச்சு. நாளைக்கு வெள்ளிக்கெழமை.

வெள்ளிக்கெழம காலையில கிணத்தடியில கோலம், சூடம், தேங்கா எல்லாம் தயாரா இருக்கு. செல்லையா மாமா கூடையில கயிறு கட்டி நிக்கிறாரு. பவுனு ஆமைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டா.

"மாமா, இது தண்ணியாமை இல்ல. காட்டாமை. இதுக்கு நீந்தத் தெரியாது."

முத்திருளாயி அத்தை சிரிச்சா. "பாருங்கடி, மீனுக்கு நீந்தத் தெரியாதுன்னும் சொல்லுவா போலயே. தர மனசில்ல புள்ளைக்கு."

"மூணு நாளா இது பட்ட பாட்ட நான் பாத்தேன் மதினி"ன்னா சீனியம்மா. "அண்ணே, கிணத்துல விட்டா எடுக்க முடியாது. மொதல்ல அண்டாவுல விட்டுப் பாருங்க."

மாமா தாடையச் சொறிஞ்சாரு. பெரிய அண்டா நெறயத் தண்ணி எறச்சாங்க. மாமா தன் கையாலயே ஆமைய அதுல விட்டாரு.

டொளக்.

கல்லு மாதிரி நேரா அடியில போயி உக்காந்துச்சு. குபுக்... குபுக்... குபுக்னு மூணு காத்துக் குமிழி மேல வந்துச்சு. அப்புறம் அதுவும் வரல.

மாமா தோள் வரைக்கும் கைய விட்டு அத வெளிய எடுத்தாரு. வேட்டி சட்டையெல்லாம் நனஞ்சு, அப்படியே தரையில உக்காந்துட்டாரு. ஆமை மூக்குல தண்ணிய விட்டு, மெல்லக் கண்ணத் தொறந்து அவரப் பாத்துச்சு.

"அறுவது அடிக் கிணறு"ன்னாரு மாமா. "கைய விட்டு எடுத்திருக்க முடியுமா?"

அப்புறம் அத்தைதான் மெதுவாக் கேட்டா, "அப்போ கிணத்துக்கு?"

பவுனுக்கு அந்தப் பழைய வலை ஞாபகம் வந்துச்சு. ஓடிப்போயி கள்ளிக்காட்டு வேலியிலருந்து மொத்தத்தையும் பிச்சு எடுத்தாந்தா. சீனியம்மா அத மூங்கி வளையத்துல கோத்தா, மாமா நீளமா கயிறு கட்டுனாரு. வீட்டுக்கு ஒரு நாளு மொறை போட்டு, கிணத்துல கெடக்குற எலையும் புழுவும் அள்ளுனாங்க. ஆமை காலக் கிழிச்ச வலை, கிணத்தாமையோட வேலையச் செஞ்சுச்சு. மொத மொறை யாரு தெரியுமா? முத்திருளாயி அத்தை.

"ம்..."

காலு ஆறுற வரைக்கும் ஆமை பூசணிக்கொடிக்குள்ளதான் இருந்துச்சு. பவுனு தினம் ஒரு தட்டுல வெரல் மூழ்குற அளவு தண்ணி வைப்பா. அத்தை வீட்டுக் கள்ளிப்பழமும் வந்துச்சு. வாசப்படிய மட்டும் அது கடைசி வரைக்கும் ஏறவே இல்ல. அப்புறம் ஒரு நாளு நொண்டாம நடந்துச்சு. பவுனு அத அதே கள்ளிக்காட்டுல கொண்டுபோயி விட்டா. அது திரும்பிக்கூடப் பாக்கல, சரக் சரக்னு போயிருச்சு. பவுனு கொஞ்சமா அழுதா. கொஞ்சம்தான்.

மழ பேஞ்சு பூசணி பூத்த ஒரு காலையில சீனியம்மா கத்துனா: "ஏட்டி பவுனு, தரையோரம் இருந்த பூவெல்லாம் எவ பறிச்சா?" பவுனு குனிஞ்சு பாத்தா. மண்ணுல சின்னச் சின்ன யானைக்காலுத் தடம், கொடிக்குள்ள போயி, வேலி வழியா வெளிய போயிருந்துச்சு. அவ கொடியோரம் ஒரு தட்டுல தண்ணி ஊத்தி வச்சா.

ம் சொல்லலையே? தூங்கிட்டியா? சரி. ஆமை புதருக்குள்ள போயாச்சு, கதையும் ஓட்டுக்குள்ள போயாச்சு. கால உள்ள இழு, கைய உள்ள இழு, தலையையும் இழுத்துக்கோ. தூங்கு.