தாத்தாவின் காயில்

மில் முதலாளி சென்னியப்பர் தன் தாத்தாவின் காருக்குப் புது எஞ்சின் மாட்டும்படி வயரிங் மெக்கானிக் துளசிமணியிடம் சொன்னார். "தீப்பொறி தர்ற இக்னிஷன் காயில் மட்டும் தாத்தாவோடதுதான். அதைக் கழட்டினா, என் இடத்துல இருக்கற உன் ஷெட்டைக் காலி பண்ணிக்கோ!"

புது எஞ்சினுக்கு அந்தக் காயில் ஒத்தே வராது என்று துளசிமணிக்குத் தெரியும். "காயில் இருந்த இடத்துலயே இருக்குமுங்க" என்றாள்.

ஆயுத பூஜையன்று காயிலுக்குப் பொட்டு வைத்துவிட்டு முதலாளி சாவியைத் திருகியதும் எஞ்சின் உறுமியது. "பார்த்தீங்களா, தாத்தா காயிலோட தெம்பை! இவளுக்கு என்ன தெரியும்?" என்று விருந்தாளிகளிடம் முழங்கினார்.

துளசிமணி அந்தக் காயிலின் வயரைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள். எஞ்சின் நிற்கவே இல்லை.

"நாலு புதுக் காயில் எஞ்சின் மூடிக்கு அடியில இருக்குதுங்க."

"அப்ப இது எதுக்கு?"

"பொட்டு வைக்கறதுக்குங்க."